நடுத்தெரு டிராமும் தனிவழி ரயிலும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்சார டிராலிப் பாதைகளின் வரலாறு பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், பொன்மலை நண்பர் ஒருவர், "டிராலின்னா, ரயில்வே இன்ஸ்பெக்டர் குடை பிடிச்சு உக்காந்திருப்பாரு, ரெண்டு பேர் தண்டவாளத்து மேலயே ஓடித் தள்ளுவாங்களே, அதுவா?" என்று கேட்டார். திருச்சியில் இது நியாயமான கேள்விதான். நான் சொல்லும் டிராலி வேறு. தலைக்கு மேலே ஓடும் கம்பியிலிருந்து ஒரு கழி மூலம் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடும் வண்டி. அந்தக் கழியின் நுனியில் கம்பியைத் தொட்டு உருளும் சக்கரத்துக்குத்தான் முதலில் டிராலி என்று பெயர். அமெரிக்காவில் அந்தப் பெயரே வண்டிக்கும் ஆகிவிட்டது. நம் ஊரில் அது டிராம். அந்தக் கம்பி ஊரைத் தாண்டிப் புறநகருக்குப் போனபோது, நம் ஊர்ப் பேச்சில் அது எலெக்ட்ரிக் டிரெயின்.

திருச்சியில் டிராம் ஓடியதில்லை. பிறகு எதற்கு இந்தக் கதையைக் கைலாசபுரத்தில் வந்து சொல்கிறாய் என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள். ஒன்று, தமிழ்நாட்டின் முதல் மின்சார ரயில் பாதை சென்னையில் ஓடினாலும், அதைப் போட்ட கம்பெனியின் தலைமை அலுவலகம் நம் திருச்சியில் இருந்தது. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன். அது நம் வாசல் பற்றிய விஷயம்.

1881-ல் பெர்லின் அருகே லிக்டர்ஃபெல்டே என்ற இடத்தில் வெர்னர் ஃபான் சீமன்ஸ் முதல் மின்சார டிராமை ஓட்டிக் காட்டினார். 1888-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற எஞ்சினியர், மேடு பள்ளமான ஊர் முழுவதும் டஜன் கணக்கில் வண்டிகளை ஒரே சமயத்தில் ஓட வைத்தார். அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1895 மே 7-ஆம் தேதி மெட்ராஸில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவிலேயே முதல். கல்கத்தாவில் 1873-லேயே குதிரை டிராம் வந்துவிட்டது என்றாலும், மின்சாரம் வந்தது 1902-ல். பம்பாய்க்கு 1907-ல். லண்டன் மாநகரிலேயே மின்சார டிராம் முறையாக ஓடத் தொடங்கியது 1901-ல்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மெட்ராஸைத் தூங்குமூஞ்சி ஊர் என்று எழுதுபவர்கள் இந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டு எழுதலாம்.

அந்த முதல் டிராமில் ஒரு வினோதம் உண்டு. தலைக்கு மேலே கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தரையில் ஒரு நீளமான பிளவு. அதற்குக் கீழே ஒரு கால்வாய் மாதிரி அமைத்து, அதில் மின்கடத்திகளை வைத்திருந்தார்கள். வண்டியின் அடியிலிருந்து கலப்பை போல ஒரு துண்டு அந்தப் பிளவுக்குள் இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். இதற்குக் காண்டூயிட் முறை என்று பெயர். வீதியின் அழகைக் கம்பிகள் கெடுக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. புடாபெஸ்டில் நன்றாகவே வேலை செய்தது.

மெட்ராஸில்? ஐப்பசி, கார்த்திகை மழையில் மெட்ராஸ் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கால்வாய் மின்சாரக் கால்வாயாக இல்லாமல் மழைநீர்க் கால்வாயாகவே ஆகிவிட்டது. தண்ணீரும் சேறும் இறங்கினால் கரண்ட் கசியும், ஷார்ட் ஆகும், வண்டி நிற்கும். இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரையில் 1885-ல் இதே முறையில் தொடங்கிய டிராமும் கடல் நீராலும் மணலாலும் அவதிப்பட்டு 1899-ல் மேல்கம்பிக்கு மாறியது. மெட்ராஸும் சில ஆண்டுகளிலேயே காண்டூயிட்டைக் கைவிட்டு, மேல்கம்பிக்கும் டிராலிக் கழிக்கும் மாறியது. முதல் கம்பெனி நொடித்துப் போய், 'மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட்' என்ற புதிய கம்பெனி பொறுப்பேற்றது. வேறு ஊர் மழைக்கு வரைந்த டிராயிங்கை நம் ஊர் மழையில் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு, சிவில் துறைத் தம்பிகள் இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

மாணவர்களுக்காக மோட்டார் பற்றி இரண்டு வார்த்தை. டிராமில் இருந்தது டி.சி. சீரீஸ் மோட்டார். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கரண்ட் அதிகம் பாயும். அதே கரண்ட் காந்தச் சுருளிலும் பாய்வதால் முறுக்குவிசை அபாரமாக இருக்கும். வேகம் கூடக் கூட இழுப்பு தானாகக் குறையும். ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இழுவையைக் கூட்டும், காளை மாடு போல. ஒரு வண்டிக்கு இரண்டு மோட்டார் வைத்து, கிளம்பும்போது இரண்டையும் தொடராக இணைப்பார்கள். வேகம் பிடித்ததும் பக்க இணைப்புக்கு மாற்றுவார்கள். டிரைவர் கையில் உள்ள பிடியைச் சுற்றுவது இதற்குத்தான். வேலை விஷயமாகக் கல்கத்தா போனபோது டிராமில் ஏறி, டிரைவர் அந்தப் பிடியைக் கடகடவென்று திருப்புவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது, அது வேறு விஷயம்.

அந்த வண்டிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்ததே 1932-ல்தான். அதற்கு முன்பு மெட்ராஸில் டிராமானாலும் தெருவிளக்கானாலும், நிலக்கரியை எரித்து, பாய்லரில் நீராவி ஆக்கி, அதில் ஜெனரேட்டரைச் சுற்ற வைத்ததுதான். பாய்லர் செய்யும் ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போனால், பெல் நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

1921 வாக்கில் மெட்ராஸில் 97 வண்டிகள், 24 கிலோமீட்டர் பாதை. ராயபுரம், பாரிமுனை, மவுண்ட் ரோடு, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், புரசைவாக்கம் என்று ஊரின் முக்கியமான இடங்களையெல்லாம் தொட்டது. ஆபீஸ் குமாஸ்தாவும், கல்லூரி மாணவனும், கூடைக்காரம்மாவும் ஒரே வண்டியில் போனார்கள். அப்படிப்பட்ட டிராம் 1953 ஏப்ரலில் ஒரு நாள் இரவோடு நின்றுபோனது. நஷ்டம், இனி ஓட்ட முடியாது என்றது கம்பெனி. எடுத்து நடத்த ராஜாஜியின் அரசு முன்வரவில்லை. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். தண்டவாளங்களைப் பெயர்த்தும் தாரால் மூடியும் ஊர் அதை மறந்தது.

ஏன் நின்றது? பஸ் வந்தது, டிராம் பழசாகிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. பஸ் வந்தது உண்மை. டிராம் கம்பெனியே 1925-ல் பஸ்ஸும் விட்டுப் பார்த்து 1928-ல் நிறுத்திவிட்டது. 1947-ல் அரசே 30 பஸ்களோடு நகரப் போக்குவரத்தில் இறங்கியது. ஆனால் டிராம் தோற்ற இடத்தை நாம் தெருவில்தான் தேட வேண்டும், மோட்டாரில் அல்ல.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். தோராயக் கணக்குத்தான், சண்டைக்கு வராதீர்கள். 24 கிலோமீட்டர் பாதையில் போக, வர என்று இரண்டு திசைக்கும் 48 கிலோமீட்டர். 97 வண்டியும் ஓடுவதாக வைத்தால், ஒரு திசையில் சுமார் 500 மீட்டருக்கு ஒரு வண்டி. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு வண்டி. நல்ல சர்வீஸ். இப்போது ஒரு மாட்டுவண்டி அச்சு முறிந்து தண்டவாளத்தின் மேல் பத்து நிமிஷம் நிற்கிறது. பின்னால் நாலு டிராம் வரிசையாக நிற்கும். பஸ்ஸானால் ஒதுங்கிப் போய்விடும். டிராமால் ஒதுங்க முடியாது. தடை நீங்கிய பிறகும் நாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். அடுத்த நிறுத்தத்தில் நிற்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வண்டியே இல்லை, பிறகு சேர்ந்தாற்போல் நாலு வண்டி. மாட்டுவண்டி போய் லாரி வந்தது, கார் வந்தது. தெரு நெரிசல் கூடக் கூட டிராம் மெதுவாகும். மெதுவானால் அதே வண்டி ஒரு நாளில் போடும் நடை குறையும். நடை குறைந்தால் வருமானம் குறையும். சம்பளம் மட்டும் குறையாது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பிரிட்டனின் 1870-ஆம் ஆண்டு டிராம்வே சட்டப்படி, தண்டவாளங்களுக்கு நடுவிலும், இரண்டு பக்கமும் 18 அங்குலம் வரையும் ரோட்டைப் பராமரிப்பது டிராம் கம்பெனியின் பொறுப்பு. குதிரையின் குளம்பு ரோட்டைத் தேய்க்கும் என்ற காலத்தில் எழுதிய விதி. 1886-ல் வந்த இந்திய டிராம்வே சட்டமும் இப்படிப்பட்ட பொறுப்பை விதிக்க இடம் கொடுத்தது. மின்சாரம் வந்து குதிரை போன பிறகும் பொறுப்பு போகவில்லை. ஆக, டிராம் கம்பெனி தன் காசில் நடுத்தெருவைச் செப்பனிட்டு வைக்கும், அதில் போட்டிக்கார பஸ் சுகமாக ஓடும். தனக்குச் சொந்தமில்லாத வழியில் ஓடுபவன் நிலைமை இது.

இனி ரயிலுக்கு வருவோம். தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்குத் தலைமை இடம் திருச்சிராப்பள்ளி. நாகப்பட்டினத்திலிருந்த பெரிய ஒர்க்‌ஷாப்பை 1928-ல் பொன்மலைக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கம்பெனிதான். அதே காலத்தில் அவர்கள் கையில் எடுத்த மற்றொரு வேலை, மெட்ராஸ் பீச்சிலிருந்து தாம்பரம் வரை 29 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையை மின்மயமாக்குவது. 1931 மே 11-ஆம் தேதி பொதுமக்களுக்கான மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் 1925-ல் பம்பாய்க்குப் பிறகு மின்சார ரயில் வந்த ஊர் மெட்ராஸ். மீட்டர்கேஜில் அதுவே முதல்.

இங்கே மின்னழுத்தம் 1500 வோல்ட், டி.சி. டிராமுக்கு வழக்கம் 500 வோல்ட் சுற்றுவட்டம். ஏன் மூன்று மடங்கு? ஒரு ரயிலுக்கு 300 கிலோவாட் வேண்டும் என்று வையுங்கள். 500 வோல்ட்டில் 600 ஆம்பியர். 1500 வோல்ட்டில் 200 ஆம்பியர். கம்பியில் வீணாகும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், விரயம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. 1960-களில் இதையே 25 கிலோவோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள், அதே 300 கிலோவாட்டுக்கு 12 ஆம்பியர் போதும். கம்பி போடாத சரக்கு சைடிங்குகளில் எப்படி ஷண்டிங் செய்வது என்று ஒரு சிக்கல் வந்தது. எஞ்சினோடு பேட்டரிப் பெட்டி ஒன்றை டெண்டர் போலச் சேர்த்துவிட்டார்கள். பேட்டரி வண்டி நேற்று வந்த அதிசயம் என்று நினைக்கும் தம்பிகளுக்காக இதைச் சொன்னேன். 1930-லேயே செய்துவிட்டார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். டிராமில் இருந்த அதே சீரீஸ் மோட்டார்தான் இந்த ரயிலிலும். அதே டி.சி., அதே ஊர், அதே மழை. டிராம் 1953-ல் நின்றது. ரயில் நிற்கவில்லை. மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, குரோம்பேட்டை என்று அதன் இருபுறமும் ஊர் வளர்ந்தது. 2004-ல் மீட்டர்கேஜ் போய் பிராட்கேஜ் வந்தது. வண்டி மாறியது, மின்னழுத்தம் மாறியது, தண்டவாளத்தின் அகலமே மாறியது. பாதை மட்டும் மாறவில்லை. ஏனென்றால் அந்த நிலம் ரயில்வேயுடையது. மாட்டுவண்டி அச்சு முறிந்தால் லெவல் கிராசிங்கில் முறியலாமே தவிர, வழி நெடுக முறிய முடியாது.

இது மெட்ராஸின் தலையெழுத்து மட்டுமல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்றுவட்டாரத்தில் பசிபிக் எலெக்ட்ரிக் என்ற கம்பெனி, ஊருக்கு ஊர் மின்சார டிராலி விட்டது. உலகிலேயே பெரிய வலைப்பின்னல்களில் ஒன்று. தனி வழியில் வேகமாகப் பறக்கும் வண்டி, நகருக்குள் வந்ததும் கார்களுக்கு நடுவே ஊர்ந்தது. ஒவ்வொரு பாதையாக மூடி, கடைசியாக லாங் பீச் பாதையை 1961-ல் மூடினார்கள். பிறகு 1990-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாங் பீச்சுக்குப் புதிய மின்சார ரயில் விட்டபோது, பெரும்பகுதி அந்தப் பழைய தனிவழியில்தான் விட்டார்கள். முப்பது வருஷம் கழித்தும் வழி அப்படியே இருந்ததால்தான் முடிந்தது.

கொழும்பிலும் நடுத்தெருவில் ஓடிய டிராம் 1960-ல் நின்றது. பம்பாயில் 1964-ல். கல்கத்தா மட்டும் பிடிவாதமாக ஓட்டியது. ஆனால் அங்கேயும், டிராமுக்கென்று தனித்தடம் இருந்த அகலமான வீதிகளில் பிற்காலத்தில் கான்கிரீட் போட்டு மற்ற வண்டிகளுக்கும் திறந்துவிட்டார்கள். டிராம் இன்னும் மெதுவாயிற்று. மெதுவான பிறகு, 'இது நெரிசலை உண்டாக்குகிறது' என்று டிராமின் மேலேயே பழி. 2024 செப்டம்பரில், எஸ்பிளனேட் மைதானம் பக்கம் ஒரு சிறு பாரம்பரியப் பாதை தவிர மற்றதை நிறுத்தப் போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. காலைக் கட்டிவிட்டு, ஓடவில்லை என்று குற்றம் சொன்னது போலத்தான் எனக்குப் பட்டது.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் திருச்சிக்காகத் தயாரித்த சாத்தியக்கூறு அறிக்கையில் இரண்டு பாதைகள். ஒன்று சமயபுரம் முதல் வயலூர் வரை. மற்றொன்று துவாக்குடி முதல் பஞ்சப்பூர் வரை. இரண்டும் சேர்ந்து சுமார் 45 கிலோமீட்டர். துவாக்குடி என்றால் யார் வீட்டு வாசல் என்று இந்த அரங்கில் விளக்க வேண்டாம். 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையில் உள்ள 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோலைக் காரணமாகக் காட்டினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி திருச்சி நகரத் தொகுப்பு பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும். அவ்வளவுதான். ஆகவே தூண் மேல் ஓடும் பெரிய மெட்ரோ நமக்குக் கிடைப்பது சந்தேகம் என்பது என் அபிப்பிராயம். கிடைத்தால் சின்ன வண்டி கிடைக்கலாம்: தரையில் ஓடும் லைட் ரயில், அல்லது மின்சார பஸ்ஸுக்கென்று தனித்தடம். பெயர் எதுவானாலும் அது டிராமின் பேரப்பிள்ளை.

"டிராம் வந்தா நல்லாத்தான் இருக்கும் சார்" என்று இன்று காலை ஒரு தம்பி சொன்னார். எந்த டிராம் என்பதுதான் கேள்வி. பாரிமுனையில் ஓடிய டிராமா, தாம்பரத்துக்கு ஓடிய ரயிலா? துவாக்குடியிலிருந்து நகருக்குள் போக யோசிக்கும் யாரும் தஞ்சாவூர் ரோட்டை விட்டுவிட்டு யோசிக்க முடியாது. அந்த ரோட்டில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரை ஒரு சர்வீஸ் ரோடு வேண்டும் என்று மக்கள் கேட்டுக் கேட்டு எத்தனை வருஷம் ஓடிப்போயிற்று! திருவெறும்பூர்க்காரர்களுக்கு அந்த விபத்துகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இடம் கொடுத்தால் கடை போய்விடும் என்று வியாபாரிகள் பக்கம் ஒரு நியாயம். ரோட்டைக் கடக்க முடியவில்லை என்று குடியிருப்போர் பக்கம் ஒரு நியாயம். சர்வீஸ் ரோட்டுக்கே இந்தப் பாடு என்றால், தண்டவாளத்துக்குத் தனி இடம் யார் கொடுப்பார்கள்? இடம் கிடைக்கவில்லை, பரவாயில்லை, ரோட்டோடு சேர்த்தே விட்டுவிடுவோம் என்று ஒரு கூட்டத்தில் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டால் போதும். 1953 மறுபடியும் வந்துவிடும்.

ஒரே வழியை நம்பினால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீரங்கத்துக்காரர்கள் அனுபவித்தே பார்த்துவிட்டார்கள். 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க 2022-ல் மூடி 2023-ல் திறக்கும் வரை, சத்திரத்திலிருந்து அம்மா மண்டபம் போவதே ஒரு யாத்திரையாக இருந்தது. அந்த மாதங்களிலும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு ரயில் தன் பாலத்தில் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். துவாக்குடி முதல் பால்பண்ணை வரை சுமார் பதினான்கரை கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு ஓர் அளவு என்று எடுத்தால் 145 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் கட்டடத்துக்குக் கட்டடம் எவ்வளவு அகலம், அதில் தார் ரோடு எவ்வளவு, நடுத்திட்டு எவ்வளவு, வடிகால் எங்கே, மின்கம்பம் எங்கே என்று அளக்க வேண்டும். லைட் ரயிலுக்கு இரண்டு தடம் போட ஏழு, எட்டு மீட்டர் இருந்தால் ஆகும். எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, இல்லாத இடத்தில் எத்தனை கடை போகும் என்று ஒரு வரைபடம் நம் கையில் இருந்தால், நாளைக்கு யார் கூட்டம் போட்டாலும் பேச முடியும். வியாபாரிகள் சங்கத்தோடும் முகம் பார்த்துப் பேச முடியும்.

சிவிலில் நாலு பேர், எலெக்ட்ரிக்கலில் இரண்டு பேர், ஒரு செமஸ்டர் புராஜெக்ட். ரோட்டில் நின்று அளப்பதற்குப் போலீஸ் அனுமதி வாங்கும் வேலையைத் திருச்சியில் இருக்கும் சீனியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். லேசர் அளவுக் கருவிகள் இரண்டு வாங்கித் தருவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அளந்தால் லாரித் தொல்லை குறைவு. துவாக்குடிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது சௌகரியம். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்களுக்காக, பதிவு மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், துறை, எந்த வருஷம், இந்த மூன்றும் எழுதினால் போதும்.